அக்காவுக்கு ஒரு வியாதி

போன வாரம் பெரிய டீச்சரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து, பள்ளிக்கூடம் கொடுத்த அந்த இரண்டு அறை ஃப்ளாட்டில், விரித்தால் படுக்கையாகிற சோபாவில் படுக்க வைத்துவிட்டு வந்தோம். சோபாவின் நடுக்கம்பி முதுகில் குத்துகிறது என்பதை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. தம்பி வாங்கிப் போட்ட சோபாவைக் குறை சொல்வதா என்று நினைக்கிற ரகம் அவர்.

இந்த வாரம்தான் நம்மோடு வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய டீச்சர் நம் வாத்தியாரின் அக்கா. ஊரில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், வருஷத்துக்கு வருஷம் எனக்குப் புதுசா பிள்ளைங்க வந்துட்டே இருந்தாங்க, நேரம் எங்க இருந்துச்சு என்பார். வாத்தியார் கடல் தாண்டி வந்து, அந்த ஊர் பாஷையைத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, அந்தப் பாஷையிலேயே அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள். மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். அப்பா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். வயதுக்கு மீறின வாய்.

விருந்தாளி வந்து ஒரு வாரத்துக்குள் மாடி முழுக்கப் பிரபலமாகிவிட்டார். எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தாலும் வணக்கம், லிஃப்டில் வருகிற நாயைப் பார்த்தாலும் வணக்கம். பொது நடையில் யாரும் இல்லாமல் எரிகிற விளக்குகளை அணைத்துவிட்டு வருவார். கரண்ட் யார் வீட்டுதா இருந்தா என்ன, வீண் வீண்தானே என்பது அவர் கட்சி. இருட்டில் சாவித் துவாரம் தெரியாமல் தடவிய பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் வாத்தியாரின் மனைவி இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாள். நாத்தனாரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் பாத்திரம் கழுவும்போது பாத்திரங்களிடம் சொன்னாள்.

அப்படிப்பட்ட பெரிய டீச்சருக்கு ஒரே ஓர் ஆசை. தம்பி பாடம் நடத்துவதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒருநாள் பார்க்க வேண்டும்.

ஆசையைக் கிளப்பிவிட்டவர் வாத்தியாரேதான். ஃபோனில் பேசும்போதெல்லாம், என் க்ளாஸ்ல ஊசி விழுந்தா சத்தம் கேக்கும்க்கா என்று சொல்லிச் சொல்லி வைத்திருந்தார். இப்போது அக்கா நேரில் வந்து கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பிரின்சிபால் அம்மாவிடம் அனுமதி கேட்டார். தாராளமாக வரட்டும், அழைத்து வருகிறவர்தான் விருந்தாளிக்குப் பொறுப்பு என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த நேரத்தில் இதெல்லாம் வேண்டாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வெளிநாட்டு வாத்தியார்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஒரு மாதமாகப் பேச்சு. யார் இருப்பது, யார் மூட்டை கட்டுவது என்று பிரின்சிபால் அம்மா முடிவு சொல்லப் போகிற வாரம் இது. வேலை போனால் இந்த வீடும் போகும், வாலுவின் படிப்பும் பாதியில் நிற்கும். இதெல்லாம் தெரிந்தும் வாத்தியார் அக்காவை அழைத்துப் போனார். நம்ம அக்காதானே, நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்லிக் கொடுத்தவள், அவளால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிள்ளைகள் மேல் பெரியவர்கள் கை படக்கூடாது. சண்டை போட்ட பையனைக் கையைப் பிடித்து இழுத்தார் என்பதற்காக ஒரு விளையாட்டு வாத்தியாரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதை அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வாத்தியாருக்குத் தோன்றவே இல்லை. தலைமையாசிரியையாக இருந்தவளுக்குப் போய் பள்ளிக்கூட விதியைச் சொல்வதா?

செவ்வாய்க்கிழமை காலை, இஸ்திரி மடிப்புக் கலையாத கைத்தறிப் புடவையும் அதன் மேல் தம்பி மனைவியின் ஸ்வெட்டருமாகப் பெரிய டீச்சர் பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எல்லோருக்கும் ஒரு வணக்கம் போட்டார்.

வாத்தியார் போர்டில் எழுத ஆரம்பித்தார். அவர் திரும்பின மறுநிமிஷம், மூன்றாவது பெஞ்சில் இருந்த குட்டை முடிக்காரி ஒருத்தி பாதி எழுந்து நின்றாள். அந்த ஊர் பாஷையில் வாத்தியார் வாயில் சரியாக உருளாத எழுத்து ஒன்று உண்டு. அதை அவரைப் போலவே உருட்டினாள். நம் ஆட்கள் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் பொதுவாகத் தலையை ஓர் ஆட்டு ஆட்டுவோமே, அதையும் ஆட்டிக் காட்டினாள். வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

வாத்தியார் திரும்பவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷமாகவே தெரியும். திரும்பினால் கண்டிக்க வேண்டும், கண்டித்தால் அந்த எழுத்தை நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கும். அதனால் போர்டைப் பார்த்தபடியே நிற்கப் பழகிக்கொண்டார். இன்றைக்கு மட்டும் அக்கா பின்னால் இருக்கிறாளே என்று காது சுட்டது.

பாஷை புரியாதவர்களுக்கும் கேலி புரியும். பெரிய டீச்சர் முதல் முறை பொறுத்தார். இரண்டாவது முறை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். மூன்றாவது முறை எழுந்து, பெஞ்சுகளுக்கு நடுவே, காலமெல்லாம் நடந்த அதே நடையில் போனார். வாழ்நாள் பழக்கம் யோசித்துக்கொண்டா வரும்? கை தானாகப் போய்க் குட்டை முடிக்காரியின் காதைப் பிடித்து ஒரு திருகு திருகியது.

வலிக்கிற திருகு இல்லை அது. நம் ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருக்கும். அந்தப் பெண்ணின் காதை அதுவரை யாரும் திருகியதில்லை. வீல் என்று அலறினாள். பக்கத்து அறையிலிருந்து உதவி ஆசிரியை ஒருத்தி ஓடி வந்து அவளைச் சமாதானப்படுத்தியபடி வெளியே அழைத்துப் போனாள். வகுப்பில், வாத்தியார் ஃபோனில் அடிக்கடி சொன்ன அந்த அமைதி கடைசியில் ஒருவழியாக வந்தது.

பிரின்சிபால் அறையில் அக்காவையும் தம்பியையும் நிற்க வைத்தே அந்த அம்மா பேசினார். பெண்ணின் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது என்றார். இதை நான் மூடி மறைக்க முடியாது, அழைத்து வந்தவர் நீங்கள் என்றார். அதுவும் இந்த வாரத்தில் என்று சொல்லி நிறுத்தினார்.

என் தப்பு, விதியை அவளிடம் நான் சொல்லவில்லை என்கிற வாக்கியம் வாய்க்குள் தயாராக இருந்தது. உண்மையும் அதுதான். சின்ன வாக்கியம், இலக்கணப் பிழை இல்லாமல் அவரால் சொல்ல முடிகிற வாக்கியம். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு ஒன்று வெளியே வந்தது.

"எங்க அக்காவுக்கு மறதி வியாதி மேடம். என்ன செய்யறோம்னு அவங்களுக்கே தெரியாது."

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். வாத்தியார் அங்கேயே நின்று அதற்கு நாலு காலும் வைத்துக் கொடுத்தார். எங்கள் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இதே வியாதிதான் என்றார். அது என்னவோ நிஜம். ஆனால் தங்களைப் பெற்ற அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரியெல்லாம் வாசலைத் திறந்துகொண்டு போய்விடாமல் காத்துக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அக்கா. தம்பி இங்கே இருந்தார். அந்த வியாதியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா ஃபோனில் சொன்னதுதான். அதை எடுத்து அக்கா தலையிலேயே கட்டினார்.

பிரின்சிபால் அம்மாவின் முகம் அப்படியே இளகியது. மேஜையைச் சுற்றி வந்து பெரிய டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்தி ஏதோ சொன்னார். கன்னத்தை வேறு தட்டிக் கொடுத்தார். ஊரில் அந்தக் கன்னத்துக்குப் பக்கத்தில் போக ஆளே கிடையாது.

"என்னடா சொன்னே?" என்று தம்பியைக் கேட்டார் பெரிய டீச்சர்.

"மன்னிப்புக் கேட்டேன்க்கா."

"நீ ஏன்டா கேக்கறே? கை வச்சது நான். அந்தப் பொண்ணைக் கூப்பிடச் சொல்லு, நான் கேக்கணும்."

என்ன சொல்கிறார் என்று பிரின்சிபால் அம்மா விசாரித்தார். வாத்தியார் ஒரு நொடி தரையைப் பார்த்தார். பிறகு, நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று கேட்கிறார் என மொழிபெயர்த்தார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒருத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அத்தையை வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி வகுப்பிலிருந்து வாலுவை வரவழைத்திருந்தார்கள். அத்தையின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் வாலு ஜன்னலோரத்தை அத்தைக்குக் கொடுத்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு பெரிய டீச்சர், எவ்வளவோ பெற்றோரைப் பார்த்தவர், நிதானமாக ஆரம்பித்தார். கோபமா இருந்த ஒரு பொம்பளை முகம் ஒரே பேச்சுல மாறிச்சு, அது மன்னிப்புக் கேட்டதுக்கு மாறின முகம் இல்லை, உங்கப்பா என்ன சொன்னான் என்று கேட்டார்.

வாலு சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். வாய் அவள் பேச்சை எப்போது கேட்டது? முழுவதையும் சொன்னாள், அந்த மொழிபெயர்ப்பையும் சேர்த்து. சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள்.

பெரிய டீச்சர் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அந்தப் பொண்ணு தினமும் அப்படிப் பண்ணிக் காட்டுவாளா?"

"எல்லாரும்தான் அத்தை. நானும் ஒரு நாள் சேர்ந்து சிரிச்சிருக்கேன். சிரிக்கலைன்னா என்னையும் பண்ணுவாங்க."

இந்தக் குடும்பத்தில் இன்றைக்கு யாருக்குத்தான் தலை நிமிர்கிறது, சொல்லுங்கள்.

சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். அக்கா சோபாவில் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாடா, முகம் கழுவிட்டு வந்து சாப்பிடு என்றார். வழக்கமான குரல். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று வாத்தியார் நம்பினார். நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று அடுத்த நிமிஷம் கேவலமாகவும் இருந்தது.

சமையலறையில் மனைவியிடம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். எல்லாம் உனக்காகவும் வாலுவுக்காகவும்தான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அவள் அடுப்பை அணைத்தாள்.

"உங்க அக்காவை எனக்கு அவ்வளவா பிடிக்காது. அது உங்களுக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா நான்கூட அவங்களைப் பத்தி இப்படி ஒண்ணு சொல்லியிருக்க மாட்டேன். இதுல என் பேரை இழுக்காதீங்க."

அவள் சொல்லி முடித்ததும் வாசல் மணி அடித்தது. வாலு துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, பிரின்சிபால் மேடம், கையில பழக்கூடை என்றாள்.

வாத்தியார் பதறிப்போனார். கூடத்துக்கு வந்து பார்த்தால் அக்கா மூக்குக் கண்ணாடியும் கையில் பேனாவுமாக, பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டியை முக்கால்வாசி நிரப்பி வைத்திருக்கிறார். மறதி வியாதிக்காரியா இது?

"அக்கா, மேடம் வந்திருக்காங்க. நீ கொஞ்ச நேரம் உள்ள ரூம்ல..."

"ஒளிஞ்சுக்கணுமா?"

பெரிய டீச்சர் பேனாவை மூடினார். பேப்பரை மடித்துச் சோபாவுக்கு அடியில் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றி வாலுவிடம் கொடுத்தார். ஸ்வெட்டர் பொத்தான்களை அவிழ்த்து, மேலே ஒன்று கீழே ஒன்றாக மாற்றிப் போட்டார். கொண்டையிலிருந்து இரண்டு ஊசியை உருவினார்.

"எனக்கு என்ன வியாதின்னு சொன்னியோ, அந்த வியாதியோடயே இருக்கேன். கதவைத் திற."

வாலுதான் போய்த் திறந்தாள்.

பிரின்சிபால் அம்மா நல்லவர். இந்தக் கதையில் இன்றைக்குத் தப்பே செய்யாத ஒரே ஆள் அவர்தான். பழக்கூடையை வைத்துவிட்டு, பெரிய டீச்சர் பக்கத்தில் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பெரிய டீச்சர் அவரைப் பார்த்து வெகுளியாகச் சிரித்தார். எந்த வகுப்புக்கு இடம் கேட்டு வந்திருக்கீங்க என்று கேட்டார். வாலு மொழிபெயர்த்தாள். பிரின்சிபால் அம்மா என்ன சொல்வது என்று தெரியாமல் ஆறாம் வகுப்பு என்றார். ஆறாம் வகுப்பில் இடமில்லை என்றார் பெரிய டீச்சர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், எந்த வகுப்புக்கு இடம் கேட்டு வந்திருக்கீங்க என்றார்.

நம்ம அம்மா அப்படித்தான் கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அக்கா ஃபோனில் ஒருமுறை சொன்னது வாத்தியாருக்கு ஞாபகம் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

பெரிய டீச்சர் அவரைக் கைநீட்டிக் காட்டினார்.

"இந்த சார் யாரும்மா? ரொம்ப நேரமா நிக்கறாரே. பாவம், உக்காரச் சொல்லு."

வாலுவால் இதை மொழிபெயர்க்க முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை. வாத்தியார் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூடத்தில், அத்தனை பேர் முன்னால், தோள் குலுங்க அழுதார். பிரின்சிபால் அம்மா எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். உங்கள் துக்கம் புரிகிறது என்றார். இப்படி ஒரு அக்காவை வைத்துப் பார்த்துக்கொள்கிற மனிதரை நான் அனுப்பிவிடுவேனா, உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். வேலை கிடைத்துவிட்டது. இப்படியா கிடைக்க வேண்டும் என்று வாத்தியார் வாழ்நாளெல்லாம் நினைத்துக்கொள்ளலாம்.

பிரின்சிபால் அம்மா போகிறபோது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். காதுத் திருகு வாங்கிய அந்தப் பெண்ணின் அப்பா விஷயத்தைக் கேட்டதும் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அவர் டாக்டர், அதுவும் மறதி வியாதிக்கே பேர்போன டாக்டர். பெரிய டீச்சரைப் பார்க்காமல் விட மனசில்லை என்று, சனிக்கிழமை காலையில் தானே வீட்டுக்கு வந்து பரிசோதிப்பதாகச் சொல்லியிருக்கிறார். மகளையும் கூட அழைத்து வருவாராம்.

கதவு மூடியது. மனைவி நாத்தனாரின் கொண்டை ஊசிகளைக் கீழே தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். அந்த அம்மா கடைசியா என்ன சொன்னாங்க என்று பெரிய டீச்சர் கேட்டார். வாலு சொன்னாள்.

"அக்கா," என்று வாத்தியார் அவர் காலடியில் உட்கார்ந்தார். "நாளைக்குக் காலையில போய் உண்மையைச் சொல்லிடறேன். வேலை போனாப் போகட்டும்."

"எதுக்கு? சொன்னா உனக்கு வேலையும் போகும், மரியாதையும் போகும். எனக்குத்தான் இங்க எதுவும் இல்லையே. டாக்டர் வரட்டும். அம்மாகிட்ட நான் என்னென்ன பார்த்தேனோ எல்லாத்தையும் செஞ்சு காட்டிடறேன். நீ பயப்படாதே."

அவர் குரலில் கோபம் இல்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது வாத்தியாருக்கு. நாலு அறை விட்டால் இன்னும் தேவலை.

பெரிய டீச்சர் ஸ்வெட்டர் பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சரியான துவாரத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.

"டாக்டர் உன்னையும் கேப்பாருடா. குடும்பத்துல ஏற்கெனவே ஒருத்தருக்கு இருந்திருக்கே, அவங்க முதல்ல யாரை மறந்தாங்கன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?"

"அம்மா என்னை மறக்கவே இல்லையேக்கா. கடைசி நாள் வரைக்கும் என் பேரைத்தானே சொல்லிட்டு இருந்தாங்க. நீதானே ஃபோன்ல ஒவ்வொரு தடவையும் சொல்லுவே."

"ஆமா," என்றார் பெரிய டீச்சர். "நான்தான் சொன்னேன். அம்மா சொல்லலை."

வாலு அப்பாவைப் பார்த்தாள். வாத்தியார் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய டீச்சர் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, கண்ணாடியைத் தரச் சொல்லி வாலுவிடம் கையை நீட்டினார்.